ஒரு சந்தே பன்னிரண்டு என்றது

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் எங்கள் ஊர் அவிநாசிபாளையத்தில் சிரிக்கிறார்கள். பென்ஷன் வருமா என்று கேட்கிறார்கள். வராது. நான் பார்த்த வேலை ஓய்வு பெற்றுவிட்டது, அதனால் நானும் பெற்றேன். ஒன்பது வருடம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வரும் வேலை. அடையாள அட்டையில் களப்பணியாளர் என்று இருக்கும். ஜனங்கள் 'கணக்கெடுக்கற புள்ள' என்பார்கள். இப்போது அந்தக் கேள்விகளைக் கைபேசியில் பதிவு செய்த குரல் ஒன்று கேட்கிறது. ஆமாம் என்றால் ஒன்றை அழுத்து, இல்லை என்றால் இரண்டு, தெரியாது என்றால் மூன்று.

அந்தக் குரலுக்குக் கேள்வி எழுதச் சேர்ந்திருக்கும் புதியவர்கள் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, அந்த மூணாம் நம்பரத் தூக்கிரலாமுங்களா? எல்லாரும் அதையே அமுத்தீட்டுத் தப்பிச்சர்றாங்க." தூக்கக் கூடாது என்றேன். ஏன் என்றார்கள். வாயால் சொன்னால் டீ குடித்து முடிப்பதற்குள் மறந்துவிடுவீர்கள், எழுதித் தருகிறேன் என்றேன். இதோ எழுதுகிறேன்.

சமூகவியலில் எம்.ஏ. முடித்த கையோடு சேர்ந்தேன். பயிற்சி ஆறு நாள். முதல் நாள் தூக்கம் வந்தது, ஆறாம் நாள் பயம் வந்தது. பயிற்சியைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அலுவலகம் காதர்பேட்டையில், ஒரு பனியன் மொத்தக் கடையின் மாடி. கீழே இந்தியில் பேரம் நடந்துகொண்டிருக்கும், மேலே நாங்கள் படிவம் அடுக்குவோம். மேற்பார்வையாளர் சரஸ்வதி மேடம். ஐம்பது வயது இருக்கும், இந்தப் பக்கத்துக்காரர்தான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை 'வா கண்ணு, போ கண்ணு' என்பார். கோபம் ஏற ஏற மரியாதை கூடும். 'வாங்க' என்றால் சின்னப் பிழை. 'வாங்கம்மா, உக்காருங்க' என்றால் படிவம் திரும்பி வந்திருக்கிறது. பெயருக்குப் பின்னாலேயே 'ங்க' ஒட்டி 'சுகன்யாங்க' என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

விதிகள் அவருக்கு மூச்சு மாதிரி. சந்துக்குள் நுழைந்தால் வலது கைப்பக்கமாக நடக்க வேண்டும். இரண்டு வீடு விட்டு மூன்றாவது கதவைத் தட்ட வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர்களில் யாருக்கு அடுத்துப் பிறந்தநாள் வருகிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும், பேச ஆசைப்படுகிறவரிடம் அல்ல. அதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பாதிப் பேருக்கு ஆதாரில் ஒரு தேதி, பெற்றவள் சொன்னது இன்னொரு தேதி. ஆளைப் பிடித்தபின், அச்சிட்ட வாக்கியத்தை அச்சிட்டபடியே படிக்க வேண்டும். பதில் சரி என்றால் தலை ஆடக் கூடாது. தவறென்றால் புருவம் அசையக் கூடாது. பதிலே வராவிட்டால் மனசுக்குள் ஐந்து எண்ணி, கேள்வியை இன்னொரு தடவை படித்து, மறுபடி ஐந்து எண்ண வேண்டும். அதற்கப்புறம்தான் 'தெரியாது' கட்டத்தில் டிக்.

அந்தக் கட்டம் ஆபத்தானது. வீடுகளுக்குப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவர்கள் அதிகம் குத்துவது அதைத்தான். யோசிக்க வேண்டாம், சீக்கிரம் முடியும். அதனால்தான் மறுசரிபார்ப்பு. பத்து நாளுக்குள் மேடம் தனியாக அதே சந்துக்குப் போவார். எட்டு வீட்டில் மூன்றைத் தேர்ந்தெடுத்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார். பதில்கள் பெரிதாக மாறியிருந்தால் அது பொய்ப் படிவம். பொய்ப் படிவம் எழுதியவள் என்று சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போனால் அன்றோடு வேலை போகும். வேறு எந்த ஆய்வு நிறுவனத்தின் படியிலும் ஏற முடியாது.

இனி அந்த ஆய்வு. கடவுளை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் மதங்களைப் பற்றி உண்மையில் எவ்வளவு தெரியும் என்பதுதான் விஷயம். எனக்குப் பிடித்துப்போய், கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லா மதமும் கலந்து இருபது கேள்விகள். தைப்பூசம் எதற்காகக் கொண்டாடப்படுகிறது? ரமலான் நோன்பு எதைப் பார்த்துத் தொடங்கும்? புத்தருக்கு எந்த மரத்தடியில் ஞானம் கிடைத்தது? சிலுவைப்பாதையில் எத்தனை நிலைகள்? எல்லாம் முடிந்த பிறகுதான், 'நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா?' அதை முதலில் கேட்டால், நம்புகிறேன் என்று சொன்ன வாய் அப்புறம் தெரியாது என்று சொல்லக் கூசும். சரியான விடைகளைப் பயிற்சியிலேயே எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். போட்டி எப்படி முடியும் என்று எனக்குள் ஒரு தீர்ப்பும் தயாராக இருந்தது: நம்பாதவர்கள் ஜெயிப்பார்கள், படித்துவிட்டுத்தானே நம்பாமல் இருக்கிறார்கள்.

முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டுச் சந்து எனக்கு விழுந்தது. எல்லாரும் பனியன் கம்பெனி ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கதவு திறந்திருக்கும்.

முதல் வீட்டில் ஈஸ்வரியக்கா. செக்கிங் பிரிவில் துணியின் ஓட்டை பார்க்கிறவர். தைப்பூசக் கேள்வியைப் படித்தேன்.

"பழனிக்கு நடக்கறதுக்குங்க" என்றார்.

எதற்காக என்று மறுபடி படித்தேன்.

"பதினோரு வருசமாச் செருப்பில்லாம நடக்கறனுங்க. எதுக்குன்னு கேட்ட மொத ஆளே நீங்கதான். ஒரு க்ளூ குடுங்க கண்ணு, டிவில குடுக்கறாங்கல்ல?"

"குடுக்கக் கூடாதுங்க்கா."

"எங்க லைன் சூப்பர்வைசரே பரவால்லீங்க."

ஐந்து எண்ணினேன். டிக். அவருடைய படிவத்தில் பதின்மூன்று 'தெரியாது'.

நான்காவது படிவம் செல்லமுத்து அண்ணனுடையது. நிட்டிங் மிஷின் மெக்கானிக், நாற்பத்தைந்து வயது, ஞாயிற்றுக்கிழமையும் கறுப்புச் சட்டை. "இல்லீன்னு சொல்றவன், இருக்குதுங்கறவன விட ரெண்டு பக்கம் சேத்திப் படிச்சிருக்கோணும் கண்ணு" என்று ஆரம்பித்தவர், என்னை ஒரு கேள்வியையும் முடிக்கவிடவில்லை. தைப்பூசமா, பார்வதி முருகனுக்கு வேல் கொடுத்த நாள். ரமலானா, பிறை. புத்தரா, அரசமரம். சிலுவைப்பாதை நிலைகளா? "பன்னெண்டு. சீடருக பன்னெண்டு பேரு, அதுவும் பன்னெண்டு. அடுத்ததக் கேளு." என் புருவம் கிட்டத்தட்ட அசைந்துவிட்டது. இருபதில் அவர் தவறவிட்டது அது ஒன்றைத்தான். கடவுளை நம்புகிறீர்களா என்ற கடைசிக் கேள்விக்குச் சட்டையைத் தொட்டுக் காட்டினார். வாயால் சொல்லுங்கள் என்றேன்.

கடைசிக்கு முந்தின வீடு ஆரோக்கியமேரியக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்து ஓவர்லாக் மிஷினில் தைக்கிறவர். "புத்தருன்னா கண்ண மூடிட்டு இருப்பாவல்ல, அவியதானே? மரமா? நமக்கு எங்கன தெரியும் பிள்ள." அவருக்கும் தெரியாதவை ஏகப்பட்டவை. ஆனால் சிலுவைப்பாதை என்றதும், "பதினாலு" என்றார். இயேசு சிலுவை சுமந்துபோன வழியை நிலைகளாகப் பிரித்து, தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டுச் செபிப்பார்கள். பதில் சொல்லும்போதே அவர் கை தன் முழங்காலைத் தடவியது.

ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாக ஒரு வாக்கியம் படிக்க வேண்டும். 'எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் மீண்டும் வந்து இதே கேள்விகளைக் கேட்கக்கூடும்.' அதோடு நிறுத்த வேண்டும். அந்தச் சந்தில் நான் நிறுத்தவில்லை. "மறுக்கா வருவாங்களா?" என்று ஈஸ்வரியக்கா கேட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் ஏழு வீடு இருந்தது, எனக்கோ எதிலும் அவசரம். "பத்து நாளுக்குள்ள எங்க மேடம் வருவாங்கக்கா. பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்கு ஓடினேன்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை மாடியேறியதும் கேட்டது: "சுகன்யாங்க. வந்து உக்காருங்க."

மேஜையில் என் படிவங்கள் ஒரு பக்கம், மேடத்தின் மறுசரிபார்ப்புத் தாள்கள் மூன்று இன்னொரு பக்கம். ஈஸ்வரி, ஆரோக்கியமேரி, அதே சந்தில் ஓர் அயர்ன் மாஸ்டர். மேடம் பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"ஈஸ்வரிங்கறவங்களுக்கு உங்க ஃபாரத்துல பதிமூணு தெரியாதுங்க. எனக்கு அத்தனையும் டக்கு டக்குனு சொன்னாங்க. அயர்ன் மாஸ்டரும் அப்படித்தானுங்க. நீங்க அந்த ஊடுகளுக்குப் போனீங்களாங்க?"

"போனேன் மேடம். சத்தியமாப் போனேன். ஈஸ்வரியக்கா பழனிக்கு நடப்பாங்க, பதினோரு வருசமா…"

"பழனிக்கு இங்க எல்லாருந்தானுங்க நடக்கறாங்க." பென்சிலை வைத்தார். "திங்கக்கெழம காலைல நான் சென்னைக்கு எழுதோணுங்க."

அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. தாள்களைப் பார்க்கலாமா என்றேன். நகர்த்தினார். மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து மேலிருந்து கீழே படித்தேன். எல்லாம் சரியான விடைகள். பதினேழாவது கேள்வியில் என் விரல் நின்றது. ஈஸ்வரி, பன்னிரண்டு. அயர்ன் மாஸ்டர், பன்னிரண்டு. ஆரோக்கியமேரி, பன்னிரண்டு.

"மேடம், இது பதினாலு. மூணு பேரும் தப்பாச் சொல்லியிருக்காங்க."

"தப்பு யாரு வேணாப் பண்ணலாமுங்க."

"ஒருத்தரு பத்துன்னு பண்ணுவாங்க, ஒருத்தரு ஏழுன்னு பண்ணுவாங்க. மூணு பேரும் ஒரே தப்பையா பண்ணுவாங்க? மேரியக்கா எங்கிட்டப் பதினாலுன்னு சொன்னாங்க மேடம். சரியாத் தெரிஞ்சவங்க எதுக்குத் தப்புக்கு மாறோணும்?" என் அடுக்கிலிருந்து செல்லமுத்து அண்ணனின் படிவத்தை உருவினேன். "மொத ரவுண்டுல அந்தச் சந்துல பன்னெண்டுன்னு சொன்னது இவரு ஒருத்தருதான். எல்லாரும் இவருகிட்டப் போய்க் கேட்டிருக்காங்க."

மேடம் அந்தப் படிவத்தை நிதானமாகப் படித்தார். "இந்த ஃபாரமும் நீங்க எழுதுனதுதானுங்களே" என்றார்.

வாதம் தீர்ந்தால் எழுந்து நிற்பது என் பழக்கம். நின்றேன். "ஞாயித்துக்கெழம எங்கூட வாங்க மேடம். ஒரு மணி நேரம். அப்பறம் என்ன வேணா எழுதுங்க, நானே போய்ப் போஸ்ட் பண்றேன்."

மேடம் தாள்களை அடுக்கினார். "வாரனுங்க. சந்துக்குள்ள நீங்க வாயத் தெறக்கக் கூடாதுங்க. கண்ணு கூடக் காட்டக் கூடாதுங்க."

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தில் நான் ஊமை. ஈஸ்வரியக்கா எங்களைப் பார்த்ததும் கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். மேடம் கேட்டார்: "போன தடவ பதிமூணு தெரியாதுன்னு சொன்னீங்களா?"

"இல்லீங்க. எனக்கு மொதல்லயே எல்லாந் தெரியுங்க."

"யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"யாருஞ் சொல்லித் தரலீங்க" என்றார் ஈஸ்வரியக்கா, ஒப்பித்த மாதிரி. என்னைப் பார்த்து, காப்பாற்றிவிட்டேன் என்பதுபோல ஒரு சிரிப்பு வேறு. மேடம் குறித்துக்கொண்டு, அடியில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை அவர் இழுத்தபோது என் வேலையின் மேல் இழுப்பது மாதிரி இருந்தது. அயர்ன் மாஸ்டரும் அதே இரண்டு வாக்கியம், அதே வரிசை.

மேரியக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். செல்லமுத்து அண்ணன் எதிர்வீட்டுப் படியில் நின்று பல் துலக்கிக்கொண்டே பார்த்தார். மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சிலுவைப்பாதையில் எத்தனை நிலைகள்?"

"பன்னெண்டும்மா." சொல்லும்போது மேரியக்கா வாளியைத்தான் பார்த்தார்.

எழுதிவிட்டுத் திரும்பப் போன மேடம் நின்றார். அவரிடம் வேலை பார்த்த நாலு வருடத்தில் அச்சில் இல்லாத ஒரு கேள்வியை அவர் கேட்டு நான் அன்றுதான் பார்த்தேன். "ஒவ்வொண்ணாச் சொல்றீங்களா? எனக்குத் தெரியாதுங்க. எழுதிக்கறேன்."

மேரியக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விரல் மடக்கினார். "ஒண்ணு, ஆண்டவருக்குச் சாவுத் தீர்ப்பு. ரெண்டு, செலுவையத் தோள்ல வைக்காவ. மூணு, மொத தடவ விழுதாரு. நாலு, தாயாரப் பாக்காரு…" கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார். மேடம் ஒவ்வொன்றாக எழுதினார். "…பதினொண்ணு, ஆணி அடிக்காவ. பன்னெண்டு, செலுவையில உயிர விடுதாரு."

நிறுத்திவிட்டார்.

"பன்னெண்டு. அவ்வளவுதானுங்களே?" மேடம் நோட்டை மூடினார்.

மேரியக்காவின் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. மேடம் இரண்டு எட்டு வைத்தார், மூன்றாவது எட்டு வைத்தார்.

"மூடாதீயம்மா! நில்லுங்க!" வாளி கவிழ்ந்தது. "ஆண்டவர அங்கனயே தொங்க விட்டுட்டு எப்பிடிப் போவ? எறக்கண்டாமா? பதிமூணு, எறக்கி மாதா மடியில கெடத்துதாவ. பதினாலு, அடக்கம். பதினாலும்மா! சின்னப் பிள்ளையிலருந்து பதினாலு தடவ முட்டி போட்டு எந்திச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏனுங்க பன்னெண்டுன்னு சொன்னீங்க?"

"ஆடிட்டும்மா." மேரியக்கா என்னைக் காட்டினார். "திரும்ப மேடம் வருவாவ, பாத்துச் சொல்லுங்கன்னு இந்தப் பிள்ளதான் சொல்லிச்சு. கம்பெனிக்கு வெளிநாட்டு ஆடிட்டு வாரப்ப அப்பிடித்தானே சொல்லுவாவ? எல்லாரும் ஒரே பதிலு சொல்லணும், ஒருத்தி மாத்திச் சொன்னா மொத்த லைனும் மாட்டும். சொல்லிக் குடுத்தாவளான்னு கேட்டா இல்லன்னு சொல்லணும். சந்துல எல்லாத்துக்கும் பதிலு தெரிஞ்ச ஆளு இவருதான்." செல்லமுத்து அண்ணனைக் காட்டினார். "நாலு நாளு ராத்திரிச் சோறு முடிஞ்சதும் இவரு சொல்லச் சொல்ல ஒப்பிச்சோம். பன்னெண்டுன்னாரு. இல்ல, பதினாலுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. படிச்ச மனுசன், எல்லாரும் பன்னெண்டுன்னு ஒப்பிச்சாச்சு, நான் ஒருத்தி மாத்திச் சொன்னா இந்தப் பிள்ளைக்கு மார்க்கு கொறஞ்சிருமேன்னு…"

செல்லமுத்து அண்ணன் பிரஷை வாயிலிருந்து எடுத்தார். "பதினாலா?"

"பின்ன? மாட்டி வச்சுட்டு வந்துருவியளா?"

"அந்த ரெண்ட உட்டுட்டனா?" என்று முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "ஏம்மா மேரி, சாமியே இல்லீன்னு சொல்றவன்கிட்ட வந்து கேட்டுப்போட்டு, உங்க சாமி விசயத்த நீ உட்டுக் குடுத்துருவியா? சண்ட போட வேண்டாமா?"

"ஆடிட்டுல யாரு சண்ட போடுவா?"

ஈஸ்வரியக்கா அதற்குள் பக்கத்தில் வந்திருந்தார். "மாட்டீட்டமுங்களா?" என்று மெதுவாக என்னிடம் கேட்டார். எனக்கு இன்னும் வாய் திறக்க அனுமதி இல்லை.

புதியவர்களே, இதற்காகத்தான் சொல்கிறேன், அந்த மூன்றாம் நம்பரில் கை வைக்காதீர்கள். பதினோரு வருடம் வெறுங்காலில் நடந்தவருக்குத் தைப்பூசக் கதை தெரியவில்லை. கோயில் வாசல் மிதிக்காதவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியாததை முட்டி தேய்ந்த ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். யார் ஜெயிப்பார்கள் என்று நான் எழுதிவைத்திருந்த தீர்ப்பு அந்தச் சந்தில் எதற்கும் உதவவில்லை. உதவியது ஒன்றுதான்: ஈஸ்வரியக்கா முதல் ஞாயிறு, யாரும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், கூச்சப்படாமல் சொன்ன அந்தப் பதின்மூன்று 'தெரியாது'. அவர்கள் வாழ்நாளெல்லாம் சரியான பதில் சொல்லப் பழக்கப்பட்டவர்கள். தெரியாது என்று சொல்ல ஓர் இடம் நாம் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்? அதை எடுத்தீர்களானால் நான் மாடியேறி வந்து சண்டை போடுவேன். ஆடிட்டாவது மண்ணாவது.

அன்று அந்தச் சந்தில், மேடம் வாசலில் கிடந்த துவைகல்லின் மேலேயே உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பினார். "பாத்துச் சொல்லுங்கன்னு சொன்னீங்களாங்க?"

"சொன்னேன் மேடம்."

"அச்சுல இருக்குதுங்களா?"

"இல்ல மேடம்."

"அது உங்க தப்புன்னு எழுதுவேன். எச்சரிக்கைக் கடுதாசி வரும், வாங்கிக்கோணும்." தன் மூன்று தாள்களையும் எடுத்து, குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'சொல்லிக்கொடுத்த பதில்கள், செல்லாது' என்று தன் கையாலேயே எழுதினார். "இதுக எனக்கு வேண்டாமுங்க. மொதல்ல எழுதுனதே நிக்கட்டும்."

செல்லமுத்து அண்ணன் வாய் கொப்பளித்துவிட்டு வேகமாக இறங்கி வந்தார். "ஏனுங்க மேடம், அப்பிடீன்னா என்ற ஃபாரத்துல அந்த ஒண்ண மட்டும் பதினாலுன்னு திருத்திக்குங்க. இருவதுக்கு இருவது ஆயிருமல்லங்க."

"முடியாதுங்க. அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சது பன்னெண்டு. அதத்தானுங்க நாங்க கேக்க வந்தோம்."

"எனக்கு?" என்றார் மேரியக்கா. "நான் பன்னெண்டுன்னு சொன்னதும் அப்பிடியே இருக்குமா?"

"உங்களுக்குத் தெரிஞ்சது பதினாலுங்க. அத இந்தப் புள்ள அன்னிக்கே எழுதியிருக்குது."

என் எட்டுப் படிவங்களையும் வாங்கி மடியில் வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஏழாவதில் பேனா நின்றுவிட்டது. அது மேரியக்காவின் படிவம். மேடம் உதறிப் பார்த்தார், எழுதவில்லை. செல்லமுத்து அண்ணன் கறுப்புச் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவரிடம் நீட்டினார்.